ஈஸ்ட் இல்லாத பழ பிரெட்: மாம்பழம், அன்னாசி, பப்பாளி கொண்டு செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாழைப்பழ பிரெட்டைப் பலமுறை நன்றாகச் செய்து பழகியவர்கள்கூட, அதே அளவுகளில் மாம்பழத்தையோ அன்னாசியையோ போட்டுச் செய்யும்போது ஏமாந்துபோகிறார்கள். மேலே பொன்னிறமாக எழும்பி நிற்கும் பிரெட்டை வெட்டிப் பார்த்தால், அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் களி போன்ற ஓர் அடுக்கு இருக்கும். என்னுடைய முதல் மாம்பழ பிரெட்டும் அப்படித்தான் வந்தது. ஓவனைக் குறை சொன்னேன், மாவைக் குறை சொன்னேன். பழத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்க்க மட்டும் தோன்றவில்லை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த நீரைச் சுற்றியே அமைந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

ஈஸ்ட் சேர்க்காமல் பிரெட் எப்படி உப்புகிறது?

ஈஸ்ட் சேர்த்த மாவில் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு, மணிக்கணக்கில் மெதுவாகக் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. பழ பிரெட்டில் அந்த வேலையைச் சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றன. சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட், ஈரத்தில் கரைந்து அமிலத்தைச் சந்தித்த உடனேயே வாயுவை விடத் தொடங்கும். பேக்கிங் பவுடரில் அதே சோடாவோடு உலர்ந்த அமில உப்புகளும், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளச் சிறிது மாச்சத்தும் கலந்திருக்கும்; ஆகவே அதற்கு வெளியிலிருந்து அமிலம் தேவையில்லை. இப்போது விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இருமுறை வேலை செய்பவை: ஈரம் பட்டதும் ஒரு பகுதி வாயு வெளிவரும், ஓவனின் சூட்டில் மீதி வெளிவரும். 1843-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்தாளர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக இப்படியொரு பொடியைத் தயாரித்தார். பிசைந்து காத்திருக்க வேண்டாத பிரெட்டுகள் வீட்டுச் சமையலில் பரவ இத்தகைய பொடிகளே வழி செய்தன.

வாயு வெளிவந்தால் மட்டும் போதாது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு சட்டகமும் வேண்டும். ஈஸ்ட் பிரெட்டில் அது பிசைந்து வலுவாக்கிய குளூட்டன், அதாவது மாவில் ஈரம் பட்டதும் உருவாகும் இழுவைத்தன்மையுள்ள புரதம். பழ பிரெட்டிலோ சூட்டில் இறுகும் முட்டைப் புரதமும், நீரை உறிஞ்சிப் பருக்கும் மாச்சத்தும், ஓரளவு குளூட்டனும் சேர்ந்துதான் சட்டகமாகின்றன. பழத்தின் நீர் மிகுந்துவிட்டால் சட்டகம் இறுகுவதற்குள் குமிழிகள் உடைந்து கலவை படிந்துவிடும். களி அடுக்கு அப்படித்தான் உண்டாகிறது.

வாழைப்பழத்துக்குப் பதிலாக அதே எடை மாம்பழம் போடலாமா?

அப்படியே போடக் கூடாது. வற்ற வைத்துப் போடலாம். நன்கு பழுத்த வாழைப்பழத்தில் எடைக்குச் சுமார் 75 விழுக்காடு நீர். பலாச்சுளையும் ஏறத்தாழ அதே அளவுதான். சப்போட்டாவில் 78, கொய்யாவில் 81, மாம்பழத்தில் 83, அன்னாசியில் 86, பப்பாளியில் 88 என்று நீரின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. 75-க்கும் 83-க்கும் பெரிய வேறுபாடு இல்லையே என்று தோன்றும். ஆனால் நீர் போக எஞ்சும் திண்மத்தைப் பாருங்கள்: 100 கிராம் வாழைப்பழத்தில் 25 கிராம் இருக்கிறது, அதே எடை மாம்பழத்தில் 17 கிராம்தான், பப்பாளியில் 12 கிராம்தான். அதாவது ஒவ்வொரு கிராம் திண்மத்துக்கும் வாழைப்பழம் 3 கிராம் நீரைக் கொண்டுவருகிறது. பப்பாளி 7 கிராமுக்கும் மேல் கொண்டுவருகிறது.

ஆகவே நான் பின்பற்றும் முறை, எந்தப் பழமானாலும் அதை முதலில் வாழைப்பழத்தின் நிலைக்குக் கொண்டுவருவது. கணக்கு எளியது. பழத்தின் திண்ம விழுக்காட்டை 25-ஆல் வகுத்தால், கூழ் தன் எடையில் எத்தனை பங்குக்கு வற்ற வேண்டும் என்பது தெரியும். மாம்பழத்துக்கு 17-ஐ 25-ஆல் வகுக்க 0.68 வருகிறது; ஆகவே மூன்றில் இரண்டு பங்காக வற்ற வேண்டும். அன்னாசி பாதியைவிடச் சற்றுக் கூடுதலாகவும், பப்பாளி ஏறக்குறைய சரிபாதியாகவும், கொய்யா முக்கால் பங்காகவும் வற்ற வேண்டும். கீழே சொல்லப்போகும் செய்முறைக்கு வற்றிய கூழ் 240 கிராம் தேவை. அதற்கு மாம்பழக் கூழ் 350 கிராம், அன்னாசிக் கூழ் 430 கிராம், பப்பாளிக் கூழ் 500 கிராம், கொய்யாக் கூழ் 315 கிராம் என்ற அளவில் எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பழத்துக்குப் பழம் நீர் கொஞ்சம் மாறும் என்பதால் இவற்றைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். ஆனால் வெறுங்கண்ணால் 'கெட்டியாகிவிட்டது' என்று முடிவுசெய்வதைவிட எடை பார்ப்பது பல மடங்கு நம்பகமானது. சூடான கூழ் இளக்கமாகவே தெரியும், ஆறிய பிறகுதான் அதன் உண்மையான கெட்டித்தன்மை புலப்படும்.

ஓர் அடிப்படை அளவு சொல்ல முடியுமா?

மைதா 250 கிராம், சர்க்கரை 150 கிராம், வற்றிய பழக்கூழ் 240 கிராம், முட்டை 2, கெட்டித் தயிர் 60 கிராம், வாசனையற்ற எண்ணெய் 120 மில்லி, உப்பு அரை டீஸ்பூன். உப்ப வைக்கும் பொருள்கள் பழத்தைப் பொறுத்து மாறும். மாம்பழமென்றால் சமையல் சோடா கால் டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். விரும்பினால் ஏலக்காய்ப் பொடியோ, துருவிய எலுமிச்சைத் தோலோ, இஞ்சித் துருவலோ சேர்க்கலாம். மூன்றையும் சேர்ந்தாற்போல் போட்டால் பழத்தின் மணம் காணாமல் போய்விடும்.

மைதா, சோடா, பேக்கிங் பவுடர், உப்பு ஆகியவற்றைச் சலித்து ஒரு பாத்திரத்தில் வைத்துக்கொள்ளவும். இன்னொரு பாத்திரத்தில் முட்டை, சர்க்கரை, எண்ணெய் மூன்றையும் சர்க்கரை பெரும்பாலும் கரையும்வரை அடித்து, தயிரையும் நன்றாக ஆறிய பழக்கூழையும் சேர்த்துக் கலக்கவும். உலர்ந்தவற்றை ஈரக் கலவையில் கொட்டி, மாவு மறையும்வரை மட்டும் புரட்டவும். சுமார் 23 சென்டிமீட்டர் நீளமும் 13 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பிரெட் டின்னில் பட்டர் பேப்பர் விரித்துக் கலவையை ஊற்றி, முன்பே சூடேற்றிய ஓவனில் நடுத்தட்டில் 175 டிகிரி செல்சியஸில் 55 முதல் 65 நிமிடம் வரை வேக விடவும். 40 நிமிடத்துக்குப் பிறகு மேல்புறம் தேவைக்கு மேல் சிவந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடலாம். கண்ணாடிப் பாத்திரமோ கருநிற டின்னோ ஆனால் சூட்டை 15 டிகிரி குறைத்துக்கொள்வது நல்லது. இல்லையெனில் நடுப்பகுதி வேகும் முன் ஓரங்கள் காய்ந்துவிடும்.

கூழை வற்ற வைத்தால் பழத்தின் மணம் போய்விடாதா?

ஒரு பகுதி போகத்தான் செய்யும். மாம்பழத்தின் மணத்தைத் தருபவை எளிதில் ஆவியாகும் சேர்மங்கள். நீர் ஆவியாகும்போது அவையும் கூடவே கிளம்பிவிடுகின்றன. அந்த இழப்பைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அகலமான பாத்திரத்தில் கூழைப் பரப்பி, நடுத்தரத் தீயில், மரக்கரண்டியால் அடி கிளறிக்கொண்டே விரைவாக வற்ற வைப்பது. குறுகிய, ஆழமான பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்க விட்டால் பழக்கூழ் ஜாம் வாசனைக்கு மாறிவிடும். இரண்டாவது, அடுப்பை அணைத்து ஆறிய பிறகு, எடுத்து வைத்திருந்த பச்சைக் கூழில் இரண்டு மேசைக்கரண்டியைக் கலப்பது. அந்தச் சிறு அளவு நீர் பிரெட்டைக் கெடுக்காது. மணமோ தெளிவாகத் தெரியும். அன்னாசிக்கும் பப்பாளிக்கும் இந்த இரண்டாவது வழி பொருந்தாது. காரணம் சற்றுக் கீழே வருகிறது.

உலர்ந்த மாம்பழத் துண்டுகளோ உலர்ந்த அன்னாசியோ கிடைத்தால், அவற்றை நறுக்கி 60 கிராம் அளவில் சேர்ப்பதும் நல்ல உபாயம். நீரே இல்லாமல் பழச்சுவை மட்டும் கூடும். நார் மிகுந்த மாம்பழம் என்றால் வற்ற வைப்பதற்கு முன்பே வடிகட்டியில் தேய்த்து நாரை நீக்கிவிட வேண்டும். வெந்த பிறகு நார் மென்மையாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆகாது.

ஒவ்வொரு பழத்துக்கும் சோடாவின் அளவு ஏன் மாறுகிறது?

சோடா எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கலவையில் உள்ள அமிலமே தீர்மானிக்கிறது. அமிலம் தீர்ந்த பிறகும் சோடா மிஞ்சினால், அது ஓவன் சூட்டில் சிதைந்து சோடியம் கார்பனேட் ஆகிறது. சவர்க்காரம் பட்டாற்போல் நாக்கில் ஒரு கசப்பு தங்குவதும், பிரெட்டின் உட்புறம் எதிர்பாராத வகையில் பழுப்பேறுவதும் அதனால்தான். மாம்பழத்துக்கும் பப்பாளிக்கும் நிறம் தரும் கரோட்டினாய்டுகள் சூட்டை ஓரளவு தாங்குபவை, கொழுப்பில் கரைபவை. ஆகவே எண்ணெய் சேர்ந்த கலவையில் மஞ்சள் நிறம் அழகாகவே நிலைக்க வேண்டும். மாம்பழ பிரெட் மண்நிறமாக வந்தால் முதலில் சோடாவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பேஷன் பழமும் அன்னாசியும் நல்ல புளிப்புள்ளவை. மாம்பழம் இரகத்தையும் பழுத்த அளவையும் பொறுத்து நடுவில் நிற்கும். வாழை, பப்பாளி, சப்போட்டா, பலா ஆகியவற்றில் புளிப்பு குறைவு. மேலே சொன்ன 250 கிராம் மைதாவுக்கு, அன்னாசியானால் சோடாவை அரை டீஸ்பூனாக உயர்த்திப் பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாகக் குறைக்கலாம். அப்போதும் இனிய புளிப்பு கொஞ்சம் எஞ்சியிருக்கும், அது இருப்பதே சுவை. பப்பாளி, சப்போட்டா, பலா என்றால் சோடா கால் டீஸ்பூனுக்கு மேல் போகாமல், கலவையில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்ப்பது நலம். பப்பாளிக்கு எலுமிச்சை வேறொரு நன்மையும் செய்கிறது: பழுத்த பப்பாளியின் சற்றே மந்தமான வாடையை அது எடுத்துவிடுகிறது.

சோடாவைக் கூட்டினால் பிரெட் இன்னும் உயரும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உயரும், உண்மைதான், பிறகு நடுவில் குழி விழும். அளவுக்கு மீறிய வாயு குமிழிகளை மிகப் பெரிதாக்கி உடைத்துவிடுகிறது.

அன்னாசியையும் பப்பாளியையும் பச்சையாகச் சேர்க்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பேன் எனப் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. இறைச்சியை மென்மையாக்கப் பப்பாளிக்காயை அரைத்துத் தடவுவதும், பச்சை அன்னாசி போட்ட ஜெலட்டின் உறையாமல் போவதும் இவற்றின் வேலையே. பிரெட் கலவையில் இவை கை வைப்பது நமக்குத் தேவையான சட்டகத்தின் மீது, அதாவது முட்டைப் புரதத்தின் மீதும் குளூட்டனின் மீதும்தான். தயிரோ பாலோ சேர்ந்த கலவையில் அவற்றின் புரதத்தையும் துண்டாக்கி, மெல்லிய கசப்பை உண்டாக்கும். கலந்த உடனேயே ஓவனில் வைத்துவிட்டால் பாதிப்பு குறைவு, ஏனென்றால் சூடு ஏறியதும் நொதிகள் செயலிழந்துவிடும். கலவையை அரைமணி நேரம் மேசையில் விட்டுவிட்டால் அது நீர்த்துப்போவதைக் கண்ணால் காணலாம்.

தீர்வு ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. கூழை வற்ற வைக்கக் கொதிக்க விடுகிறோம் அல்லவா, அந்தக் கொதியிலேயே நொதிகள் அடங்கிவிடுகின்றன. ஒரே வேலையில் நீரும் குறைகிறது, நொதியும் ஒழிகிறது. கூழோடு சேர்க்கும் அன்னாசித் துண்டுகளையும் சில நிமிடம் வாணலியில் புரட்டிச் சாறு வற்றிய பிறகே சேர்க்க வேண்டும். டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. சாற்றை மட்டும் நன்றாக வடித்துக்கொள்ள வேண்டும். பப்பேன் காயின் பாலில்தான் மிகுதி, பழுக்கப் பழுக்கக் குறையும். ஆகவே பப்பாளியை நன்கு பழுத்ததாகத் தேர்ந்தெடுப்பது ருசிக்கு மட்டுமன்றி இதற்கும் உதவும்.

எந்தப் பழம் சிறப்பாக வரும்? எதைத் தவிர்க்கலாம்?

என் கணக்கில் முதலிடம் மாம்பழத்துக்கு, இரண்டாமிடம் பலாவுக்கு. பலாச்சுளையில் நீர் குறைவு, இனிப்பு மிகுதி. வற்ற வைக்கவே தேவையில்லை. நாரை வெட்ட மட்டும் மிக்சியில் கொஞ்சம் கூடுதலாக ஓட்ட வேண்டும், சர்க்கரையை 30 கிராம் குறைத்துக்கொள்ளலாம். கொய்யாவை வேக வைத்து, விதையும் மணல் போன்ற நெருநெருப்பும் நீங்க வடிகட்டியில் தேய்த்தெடுக்க வேண்டியிருப்பதால் உழைப்பு கூடுதல். ஆனால் அதன் மணம் ஓவனைத் தாண்டியும் நிற்கும். சப்போட்டா நன்றாகக் கனிந்திருக்க வேண்டும். சற்றுக் காயாக இருந்தாலும் அதன் துவர்ப்பு பிரெட் முழுவதும் பரவும், எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறையாது. பேஷன் பழச் சாற்றை முதன்மைப் பழமாக அல்லாமல், மாம்பழத்தோடு மூன்று மேசைக்கரண்டி அளவில் சேர்ப்பதே அழகு.

தர்ப்பூசணியை விட்டுவிடலாம், ஏறக்குறைய முழுவதும் நீர்தான். செந்நிறச் சதையுள்ள டிராகன் பழத்தின் நிறத்துக்கு ஆசைப்பட்டுப் பலர் முயல்கிறார்கள். அதன் நிறமி சூட்டைத் தாங்காது. இளஞ்சிவப்பாக உள்ளே போன கலவை மங்கிய பழுப்பாக வெளியே வரும். சுவையும் அவ்வளவாக இல்லை.

அளவு மீறிக் கனிந்த பழம் நல்லதுதான், ஆனால் புளித்துக் கள் வாடை வீசும் பழம் வேண்டாம். அந்த வாடை வெந்த பிறகும் போகாது.

பழத் துண்டுகள் அடியில் படிந்துவிடுகின்றன. மாவில் புரட்டிப் போட்டும் பயனில்லையே?

மாவில் புரட்டுவது துண்டின் மேலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அவ்வளவுதான். துண்டைத் தாங்கிப் பிடிப்பது கலவையின் கெட்டித்தன்மை. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் கலவை தண்ணீர்போல ஒழுகாமல், திரண்டு மெதுவாக விழ வேண்டும். துண்டுகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மொத்தம் 100 கிராமுக்கு மிகாமல் இருப்பது பாதுகாப்பு. வெட்டிய துண்டுகளில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைத் தூவி 20 நிமிடம் வடிகட்டியில் வைத்தால் சாறு கசியும். அதை வடித்து, துணியில் ஒற்றி எடுத்துச் சேர்க்கவும். வடிந்த சாற்றைக் கூழோடு சேர்த்து வற்ற வைத்துவிடலாம். இவ்வளவுக்குப் பிறகும் படிந்தால், துண்டுகளில் பாதியை மட்டும் கலவையில் கலந்து, மீதியைக் கலவை டின்னில் விழுந்த பிறகு மேலே தூவிவிடுங்கள்.

ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் ஈரமான, வேகாதது போன்ற வளையம் தெரிந்தால், துண்டிலிருந்து கசிந்த சாறு அங்கே தேங்கியது என்று பொருள். வேக வைக்கும் நேரத்தைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது.

கலவையை எவ்வளவு நேரம் கலக்க வேண்டும்?

மாவு கண்ணுக்கு மறையும்வரை, பத்துப் பதினைந்து புரட்டு. சிறு சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அவை வேகும்போது கரைந்துவிடும். மைதாவில் ஈரம் பட்டபின் கலக்கக் கலக்கக் குளூட்டன் வலுப்பெறும். பிரெட் இரப்பர்போல இழுபடும், வெட்டினால் உள்ளே மேல்நோக்கி நீண்ட குகைகள் போன்ற ஓட்டைகள் தெரியும். மின்கலப்பானை முட்டையும் சர்க்கரையும் அடிக்க மட்டும் பயன்படுத்தி, மாவு சேர்ந்த பின் கரண்டிக்கு மாறிவிடுவது நல்ல பழக்கம்.

நடுவில் குழி விழுகிறது. அடியிலும் களியாக இருக்கிறது. எதைத் திருத்துவது?

இரண்டும் ஒன்றல்ல, ஆகவே தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அடிப்பகுதி முழுவதும் ஓர் அடுக்காகக் களி இருந்து, அதற்கு மேலே பிரெட் நன்றாக இருந்தால், நீர் மிகுதி என்று தயங்காமல் சொல்லலாம். கூழை இன்னும் வற்ற வைக்க வேண்டும். நடுவில் மட்டும் மாவுப் பசை தெரிந்து, ஓரங்கள் சரியாக இருந்தால் வேகாமை. ஓவனின் முள் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் வேறுபடுவது மிகச் சாதாரணம் என்பதால், ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று இருந்தால் பல சந்தேகங்கள் தீரும். நன்றாக வெந்தும் நடுவில் குழி விழுந்தால் சோடாவோ பேக்கிங் பவுடரோ மிகுதி. முதல் அரைமணி நேரத்துக்குள் ஓவன் கதவைத் திறந்து பார்த்திருந்தாலும் இப்படி நேரலாம்.

பிரெட் எழும்பவே இல்லையென்றால் பேக்கிங் பவுடர் பழையதாக இருக்கலாம். ஒரு டீஸ்பூனைக் கால் கோப்பை வெந்நீரில் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோடாவை வினிகரில் போட்டுப் பார்க்க வேண்டும். மேல்புறம் நீளவாக்கில் வெடிப்பது மட்டும் குறையே அல்ல. ஓடு இறுகிய பின்னும் உள்ளே கலவை உப்பிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. வெடிப்பு நேராக வர வேண்டுமானால் கலவையின் நடுவே எண்ணெய் தொட்ட கத்தியால் ஒரு கோடு கிழித்துவிடலாம்.

வெந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? பல்குச்சி சில வேளை ஏமாற்றுகிறதே?

ஏமாற்றும், ஏனென்றால் அது ஈரமான பழத் துண்டில் குத்தியிருக்கலாம். இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள்; சில ஈரத் துணுக்குகள் ஒட்டினால் பரவாயில்லை, ஒழுகும் மாவு ஒட்டக் கூடாது. உணவு வெப்பமானி இருந்தால் குழப்பமே இல்லை: பிரெட்டின் நடுவில் 93 முதல் 96 டிகிரி செல்சியஸ் காட்டினால் எடுத்துவிடலாம். 10 முதல் 15 நிமிடம் டின்னிலேயே வைத்துவிட்டுக் கம்பித் தட்டுக்கு மாற்ற வேண்டும். டின்னிலேயே முழுவதும் ஆற விட்டால் ஆவி அடியில் தேங்கி, இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய ஈரம் திரும்பவும் வந்து சேரும். சூட்டோடு வெட்டவும் கூடாது. மாச்சத்து ஆறும்போதுதான் இறுகுகிறது. சூடாக வெட்டினால் நன்றாக வெந்த பிரெட்டும் வேகாததுபோல் பிசுபிசுக்கும்.

முட்டை இல்லாமல் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் உயரம் சற்றுக் குறையும். இரண்டு முட்டைகளுக்குப் பதிலாக 120 கிராம் கெட்டித் தயிர் கூடுதலாகச் சேர்த்து, சோடாவை இன்னொரு கால் டீஸ்பூன் உயர்த்திக்கொள்ள வேண்டும். ஆளிவிதைப் பொடி ஒரு மேசைக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊற வைத்தால் ஒரு முட்டைக்கு ஈடாகும். எனக்குத் தயிர் முறையே பிடித்திருக்கிறது, ஆளிவிதையின் வாசனை மாம்பழத்தோடு ஒட்டுவதில்லை. முட்டை இல்லாத கலவை பழத்தின் நீரை இன்னும் குறைவாகவே தாங்கும் என்பதால் கூழை இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வற்ற வைக்கவும், பழத் துண்டுகளைத் தவிர்க்கவும். நீள டின்னைவிடச் சிறிய மஃபின் குழிகளில் ஊற்றினால் சட்டகம் விரைவில் இறுகும். 190 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம் போதும். எப்போதும் களியாகவே வருகிறது என்று சலித்துப்போனவர்களுக்கும் இதையே சொல்வேன், முதலில் மஃபினாகச் செய்து கை பழகிக்கொள்ளுங்கள்.

மைதாவுக்குப் பதிலாகக் கோதுமை மாவு? சர்க்கரையைக் குறைப்பது?

மைதாவில் மூன்றில் ஒரு பங்கைக் கோதுமை மாவாக மாற்றினால் பெரிய வேறுபாடு தெரியாது. தவிடு நீரை மெதுவாக உறிஞ்சும் என்பதால் கலவையைப் பத்து நிமிடம் வைத்திருந்து ஓவனில் ஏற்றலாம். முழுவதும் கோதுமை மாவானால் தயிரை இரண்டு மேசைக்கரண்டி கூட்ட வேண்டும். பிரெட் கனமாகத்தான் இருக்கும்.

சர்க்கரையைக் கால் பங்கு வரை தயக்கமின்றிக் குறைக்கலாம், வற்றிய கூழே இனிப்பைச் செறிவாக்கித் தருகிறது. அதற்கு மேல் குறைத்தால் மென்மையும் குறையும், ஏனென்றால் சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, குளூட்டன் இறுகாமலும் தடுக்கிறது. துருவிய உலர் தேங்காய் 40 கிராம் சேர்ப்பது இவ்விடத்தில் கைகொடுக்கும். மிஞ்சிய ஈரத்தை உறிஞ்சி, இனிப்பையும் எடுத்துக்காட்டும்.

உறைய வைத்த பழத்தைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. உறையும்போது பழத்தின் செல்சுவர்கள் உடைந்துவிடுவதால், உருகியதும் சாறு தானாகவே பிரியும். அதை வடித்துத் தனியே வற்ற வைத்தால் வேலை பாதியாகக் குறையும். உறைந்த நிலையிலேயே கலவையில் போடுவதுதான் தவறு, குளிர்ந்த கலவை வேகத் தாமதமாகும், சாறும் உள்ளேயே கசியும். உறைதல் நொதிகளை அழிப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளவும். உறைந்த அன்னாசியையும் சூடாக்கியே சேர்க்க வேண்டும். டப்பா மாம்பழக் கூழில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும், சிட்டை பார்த்து அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ஈரம் மிகுந்த பிரெட் என்பதால் அறை வெப்பத்தில் இரண்டு நாளுக்கு மேல் நம்ப வேண்டாம், வெக்கையான நாட்களில் ஒரு நாளே போதும். குளிர்பெட்டியில் ஐந்து நாள் வரை கெடாமல் இருக்கும். ஆனால் குளிரில் மாச்சத்து இறுகி பிரெட் விறைக்கும். உண்ணும் முன் லேசாகச் சூடாக்கினால் மென்மை திரும்பும். நெடுநாள் வைக்க ஃப்ரீசரே சிறந்தது. முழுவதும் ஆறிய பிறகு துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி இடையில் பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் மூன்று மாதம் வரை சுவை நிற்கும். வேண்டிய துண்டை மட்டும் எடுத்து நேராகத் தோசைக்கல்லிலோ டோஸ்டரிலோ சூடாக்கலாம். மாம்பழ பிரெட்டை வேகவைத்த அன்றைவிட மறுநாள்தான் நான் வெட்டுவது. இரவு முழுவதும் ஈரம் சீராகப் பரவி, பழத்தின் மணம் அப்போதுதான் முழுமையாக வந்திருக்கும்.